சேலத்துச் சட்டம், சீமை ஜின்

1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் இழுத்து மூடப்பட்டன. அன்றைய சேலம் ஜில்லா மிகப் பெரியது. இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நான்கும் அதற்குள் அடக்கம். சென்னை மாகாணப் பிரதமராகப் பொறுப்பேற்று மூன்று மாதம்கூட ஆகாத ராஜாஜி, தான் வக்கீலாக இருந்த, நகராட்சித் தலைவராக இருந்த ஊரையே மதுவிலக்கின் முதல் களமாக எடுத்துக்கொண்டார். அதற்காக நிறைவேறியது 1937-ம் ஆண்டின் 10-வது சட்டம்.

அந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பெயரில் 'சென்னை' போய் 'தமிழ்நாடு' வந்தது. எத்தனையோ திருத்தங்கள் ஏறின. ஆனாலும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கடை திறந்திருப்பது, அந்த நிறுவனத்தைத் தவிர வேறு யாரும் சில்லறையில் மது விற்க முடியாமல் இருப்பது, ஒருவர் தன் வீட்டில் எத்தனை பாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது, எல்லாமே 'தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937' என்ற அதே சட்டத்திலிருந்துதான் வருகின்றன. மதுவை ஒழிப்பதற்காக எழுதிய சட்டத்தின் பிரிவுகளை வைத்தே அரசு மது விற்கிறது.

இந்தப் பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் ஒரு புதிய மோகம். கடந்த எட்டு, ஒன்பது ஆண்டுகளாக இந்தியாவில் ஜின் அலை அடிக்கிறது. கோவாவில் புதிய ஜின்கள் பிறக்கின்றன, பெங்களூரு பார்களில் ஜின்னுக்கென்றே தனி அட்டை வைக்கிறார்கள், அரிய பாட்டில்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் பெருகுகிறார்கள். பெங்களூருவுக்கும் சேலத்துக்கும் நடுவே நான்கு மணி நேரச் சாலைதான். அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும், சிங்கப்பூர், துபாய் போய் வருபவர்களும் அந்த ருசியைச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அந்த ஆசை இங்கே வந்து நிற்கும் இடம், அரசே ஒரே கடைக்காரராக இருக்கும் ஒரு சந்தை.

லீ பஜாரில் கிடைக்கும் வாசனை

ஜின் என்றதும் ஏதோ சீமை மர்மம் என்று நினைக்க வேண்டியதில்லை. மணமும் ருசியும் தெரியாத அளவுக்குச் சுத்தமாக வடித்த சாராயம்தான் அதன் உடம்பு. அதில் ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடியின் காயையும் வேறு சில வாசனைப் பொருள்களையும் ஊறப்போட்டு, செம்புக் கொப்பரையில் மறுபடி வடிக்கிறார்கள். ஆவி அந்த எண்ணெய்களைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிர்ந்து சொட்டுவதுதான் ஜின். மற்ற மணம் எது வேண்டுமானாலும் இருக்கலாம், ஜூனிபர் மணம் முன்னால் நிற்க வேண்டும். அது இல்லையென்றால் அது ஜின் இல்லை.

உலர்ந்த ஜூனிபர் காய் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மிளகைவிடச் சற்றுப் பெரிது, கருநீலம், மேலே சாம்பல் பூத்திருக்கும். நகத்தால் கீறினால் பைன் பிசின் வாசனை முதலில் வரும், பின்னால் மிளகின் காரம், கடைசியில் எலுமிச்சைத் தோலின் சாயல். நம் சமவெளியில் இந்தச் செடி கிடையாது. ஆனால் ஜின்னுக்குள் போகும் மற்றப் பொருள்களின் பட்டியலை வாசித்தால் சேலம் லீ பஜாரில் மளிகைச் சீட்டு எழுதியதுபோல் இருக்கும். 1987-ல் வந்து உலகம் முழுக்க ஓடிய பாம்பே சஃபையர் ஜின்னில் பத்துப் பொருள்கள். அவற்றில் கொத்தமல்லி விதை, அதிமதுரம், வால்மிளகு, பாதாம், எலுமிச்சைத் தோல் எல்லாம் உண்டு. இதில் நம் பாட்டிக்குத் தெரியாதது எது? வால்மிளகும் அதிமதுரமும் தொண்டைக்கட்டுக்கு அவள் கை தேடிய சாமான்கள்.

இந்திய ஜின்காரர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆனந்த் விர்மானியும் வைபவ் சிங்கும் தொடங்கிய நாவ் ஸ்பிரிட்ஸ் நிறுவனம் 2017-ல் 'கிரேட்டர் தேன்' என்ற ஜின்னைக் கோவாவில் வடித்தது. அதே நிறுவனத்தின் 'ஹபூசா' இமயமலை ஜூனிபரை எடுத்துக்கொண்டு, கூடவே மஞ்சளையும் மாங்காயையும் சேர்த்தது. 2018-ல் 'ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ்' வந்தது, ராடிகோ கைத்தானின் 'ஜெய்சல்மேர்' வந்தது. ருசி பார்க்க லண்டனை மட்டுமே நம்பியிருந்த நாட்டில், லண்டன்காரர்கள் தேடி வாங்கும் ஜின் உருவானது. சிறு நிறுவனங்களின் வெற்றியைப் பார்த்துப் பெரிய கைகளும் வந்தன. டியாஜியோவின் இந்திய நிறுவனமான யுனைடெட் ஸ்பிரிட்ஸ், நாவ் ஸ்பிரிட்ஸில் 2022-ல் பங்கு வாங்கியது.

மஞ்சள், மாங்காய், ஏலக்காய், மிளகு. திருச்செங்கோடு கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் மஞ்சள் ஏலம் நடக்கிறது. சேலத்து மாம்பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொல்லிமலையில் மிளகும் காப்பியும் விளைகின்றன. ஜின்னின் வாசனைப் பெட்டியில் பாதி நம்மைச் சுற்றியே விளைகிறது. ஜின்னின் உடம்பான சாராயமும் இங்கேயே உண்டு. மோகனூரில் காவிரிக் கரையோரம் இருக்கும் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலையோடு சேர்ந்து ஒரு வடிப்பாலையும் உள்ளது. கரும்பாலையின் கழிவுப்பாகுதான் இந்திய மதுத்தொழிலின் பெரும்பகுதிக்கு மூலப்பொருள். இத்தனை இருந்தும், கொங்குச் சீமையின் மணத்தைச் சொல்லும்படி ஒரு ஜின் நம் அலமாரிகளில் இல்லை. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

கொய்னாவும் ஏற்காடும்

ஜின்னோடு ஊற்றிக் குடிக்கும் டானிக் தண்ணீரின் கசப்பு கொய்னாவின் கசப்பு. அந்தக் கதையிலும் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா நாற்றுகளை கிளெமென்ட்ஸ் மார்க்கம் கொண்டுவர, 1860-களில் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் எழுந்தன. மலேரியாவுக்கு அன்று கொய்னாவை விட்டால் மருந்தில்லை. 1870-ல் ஷ்வெப்ஸ் நிறுவனம் 'இந்தியன் குவினைன் டானிக்' என்ற பெயரில் பாட்டிலை விற்கத் தொடங்கியது. கசப்பு மருந்துக்கு ஜின்னும் எலுமிச்சையும் துணை சேர்ந்தன.

சேலத்துக்கு மேலே சேர்வராயன் மலையில் அதற்கும் முன்பே வெள்ளைக்காரர்கள் குடியேறிவிட்டார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். அடிவாரத்தில் மலேரியா, மேலே காப்பித் தோட்டம், துரைமார் பங்களா. சீமைச் சரக்கு அந்தப் பங்களாக்களுக்குத்தான் ஏறியது. கீழே சமவெளியில் மக்களின் குடி வேறு. தென்னையும் பனையும் தந்த கள், பட்டைச் சாராயம்.

1937 சட்டமும் இந்த வேறுபாட்டை விட்டுவைத்தது. கள்ளும் சாராயமும் அடியோடு போயின. அந்நிய மதுவை உரிமச் சீட்டு வாங்கிக் குடிக்க வழி இருந்தது. மரமேறியின் பானை உடைந்தது, துரையின் ஜின் பாட்டில் நின்றது. நம் மதுக்கொள்கையின் அடிக்கல்லிலேயே இந்தக் கோணல் இருக்கிறது. இன்று வரை அதை யாரும் நிமிர்த்தவில்லை.

இதைச் சொல்வதால் ராஜாஜியின் நோக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில், ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர் தந்த நிலத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கியவர் அவர். மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை அங்கிருந்து நடத்தினார், கல்கி அவருக்குத் துணையாசிரியர். அவருக்கும் முன்னால், கள்ளுக்கு எதிரான இயக்கத்தில் பெரியார் சேலம் தாதம்பட்டியில் தன் தோப்பின் 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். கூலிக்காரர் வீட்டில் அடுப்பெரியாததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். மதுவிலக்கு வந்த பிறகு தொழிலாளர் குடும்பங்களில் கடன் குறைந்தது, வீட்டுக்குச் சாமான் வந்தது என்று அன்றைய கலெக்டர் டிக்சன் உட்படப் பலரும் பதிவு செய்தார்கள். மரமேறிகளுக்கு மாற்றாகப் பதநீரும் வெல்லமும் என்ற ஏற்பாடும் நடந்தது. இழந்த கலால் வருமானத்தை ஈடுகட்டத்தான் 1939-ல் விற்பனை வரி வந்தது. இந்திய மாகாணங்கள் எல்லாவற்றுக்கும் அது முன்மாதிரி.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். யுத்த காலத்தில் மதுவிலக்கு போனது, 1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுக்கத் திரும்பியது, 1971-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது, மறுபடி வந்தது, மறுபடி போனது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கடை இல்லை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள் இருக்கும் பக்கம் சாயங்காலம் ஒரு டாஸ்மாக் கடை வாசலில் நின்று கவனித்தால் போதும். இரும்புக் கம்பி, அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து. உள்ளே அட்டைப்பெட்டிகள். நீட்டும் கையில் ரூபாய் நோட்டு மடித்திருக்கும். பெரும்பாலோர் வாயிலிருந்து வரும் வார்த்தை 'குவாட்டர்'. எந்த நிறுவனம், எந்த வகை என்று கேட்பவர் குறைவு, கேட்டாலும் 'இதுதான் இருக்கு' என்ற பதில் வரும். 180 மில்லி பாட்டில் கைமாறும், அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாயும் கைமாறும். ஜின் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்.

தமிழ்நாடு பிராந்தி நாடு. வட இந்தியா விஸ்கியைக் குடிக்கும், நாம் பிராந்தியையும் ரம்மையும் குடிப்போம். 2024-25-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டில் 45,855 கோடி. இதில் ஜின்னின் பங்கு கடலில் கரைத்த பெருங்காயம். எல்லா மாவட்டத்துக்கும் ஒரே நிறுவனம் கொள்முதல் செய்கிறது. எது வேகமாக ஓடுமோ அதை வாங்குவது அதற்கு வசதி. கோவாவில் ஒரு சிறு கொப்பரையில் நூறு பெட்டி ஜின் வடிப்பவரை டாஸ்மாக்கின் கொள்முதல் மேசை தேடிப் போகாது. அவர் இங்கே வந்து கதவைத் தட்டினாலும் திறக்கும் வழி சுருக்கமானதல்ல. பெரிய நகரங்களில் எலைட் கடைகள் உண்டு. அங்கே குளிர்சாதன அறையில் இறக்குமதி பாட்டில்களை எடுத்துப் பார்த்து வாங்கலாம். ஆனால் அந்த அலமாரியிலும் ஜின் வரிசை சின்னது, பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள்.

ஆகவே சேலத்துச் சேகரிப்பாளரின் பாட்டில்கள் மூன்று வழியாக வருகின்றன. ஒன்று எலைட் கடை. இரண்டாவது விமான நிலைய வரியில்லாக் கடை. வெளிநாட்டிலிருந்து திரும்பும் பெரியவர் ஒருவர் 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம், அதாவது ஒரு பயணத்துக்கு இரண்டு பெரிய பாட்டில். மூன்றாவது வழி பக்கத்து மாநிலம். அதில்தான் சிக்கல். ஓசூர்ப் பக்கம் கர்நாடக மது பிடிபட்ட செய்தி இல்லாமல் ஒரு வாரம் போவதில்லை. கடத்தல்காரருக்கும் ஆசைக்கு ஒரு பாட்டில் வாங்கி வருபவருக்கும் சோதனைச் சாவடியில் பெரிய வித்தியாசம் கிடையாது.

வீட்டுக்கு வந்த பிறகும் கணக்கு உண்டு. சொந்த உபயோகத்துக்கென்று ஒருவர் வைத்துக்கொள்ளும் அளவு இந்தியத் தயாரிப்பு மதுவில் 4.5 லிட்டர், இறக்குமதி மதுவில் 4.5 லிட்டர். முழு பாட்டில் கணக்கில் தலா ஆறு. உலகத்தில் ஜின் சேகரிக்கிறவர்களின் அலமாரியில் நூறு, இருநூறு பாட்டில் சாதாரணம். இங்கே ஏழாவது பாட்டில் வழக்குக்கு இடம் கொடுக்கும்.

விற்கவும் முடியாது. பிரிட்டனில் பழைய மதுப் பாட்டில்களுக்கென்றே இணைய ஏலங்கள் நடக்கின்றன. தாத்தா காலத்து பாட்டில் ஒன்றைப் பரணில் கண்டெடுத்தவர் அங்கே அனுப்பிப் பணமாக்குகிறார். இங்கே உரிமம் இல்லாதவர் ஒரு பாட்டிலை நண்பருக்கு விலைக்குக் கொடுத்தாலும் அது குற்றம். அரிய பாட்டிலுக்கு ஒரு விலை உருவாக வேண்டுமானால் வாங்குபவரும் விற்பவரும் வெளிச்சத்தில் சந்திக்க வேண்டும். அந்த வெளிச்சம் இங்கே இல்லை. அதனால்தான் நம் பக்கத்தில் சேகரிப்பு என்பது பெரும்பாலும் காலி பாட்டில், லேபிள், மூடி, 50 மில்லி சிறு பாட்டில் என்று ஒதுங்கிவிட்டது.

எது அரியது?

விஸ்கி சேகரிப்பவருக்கு வயது முக்கியம். பீப்பாயில் எத்தனை வருடம் கிடந்தது என்று லேபிளிலேயே இருக்கும். ஜின்னுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பெரும்பாலான ஜின் வடித்தவுடன் பாட்டிலுக்குப் போகிறது, பாட்டிலுக்குள் அது வளர்வதும் இல்லை. பிறகு ஏன் சேகரிக்க வேண்டும்?

ருசியே மாறிப்போனதுதான் காரணம். 1950, 60-களில் வந்த கார்டன்ஸ் ஜின்னுக்கு ஒரு விசேஷ மூடி உண்டு, கம்பிச்சுருள் போலத் தூக்கித் திறக்கும் மூடி. அந்த மூடியை வைத்தே பாட்டிலின் காலத்தைச் சேகரிப்பாளர்கள் சொல்லிவிடுவார்கள். அன்றைய ஜின்னின் அடர்த்தியும் ஜூனிபர் காட்டமும் இன்றைய பாட்டிலில் இல்லை என்பது அவர்கள் வாதம். கார்டன்ஸ் 1769-ல் தொடங்கிய நிறுவனம், பிளிமத் 1793, டாங்கரே 1830. இத்தனை நீண்ட வாழ்வில் ஒவ்வொரு காலத்துப் பாட்டிலும் அந்தந்தக் காலத்து நாக்கின் சாட்சி. இன்னொரு வகை, குறைந்த எண்ணிக்கையில் வரும் பாட்டில்கள். ஜெர்மனியின் 'மங்கி 47' ஆண்டுதோறும் ஒரு விசேஷப் பதிப்பு விடுகிறது. நம் 'கிரேட்டர் தேன்' காஷ்மீர் வில்லோ கிரிக்கெட் மட்டையின் மரத்தைப் போட்டு ஊறவைத்த 'புரோக்கன் பேட்' என்ற ஜின்னைக் குறைந்த அளவில் வெளியிட்டது. கிரிக்கெட் பிரியர்களும் ஜின் பிரியர்களும் ஒருசேரத் தேடிய பாட்டில் அது.

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் இருந்துகொண்டு சேகரிக்க உண்மையில் தகுதியானது வேறு. 'ப்ளூ ரிபாண்ட்', 'கேர்யூஸ்', மோகன் மீக்கினின் 'பிக் பென்' போன்ற பழைய இந்திய ஜின்களின் பாட்டில்களும் லேபிள்களும். கோவா அலைக்கு முன்னால் இந்த நாட்டில் ஜின் என்றால் இவைதான். ஏளனமாகப் பார்க்கப்பட்டவை, ஆகவே யாரும் பத்திரப்படுத்தாதவை. மதுவிலக்கு வந்து போன தமிழ்நாட்டில் ஒரு லேபிளில் இருக்கும் முத்திரையும் எச்சரிக்கை வாசகமும் ஆலையின் முகவரியும் ஒரு வரலாற்று ஆவணம். அதை வைத்துக்கொள்ள எந்த உரிமமும் தேவையில்லை.

வைத்துக்கொள்பவர்களுக்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒயினைப் படுக்கவைப்பதுபோல் ஜின்னைப் படுக்கவைக்கக் கூடாது, சாராயத்தின் வீரியம் தக்கையை அரித்துவிடும். நிமிர்த்தி, வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும். சேலத்துச் சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது மொட்டைமாடி அறையில் வைத்த பாட்டிலில் மட்டம் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். திறந்த பாட்டிலில் முதலில் ஓடிப்போவது எலுமிச்சை வாசனை, அதனால் திறந்ததைச் சில மாதங்களில் முடித்துவிடுவது நல்லது. நல்ல ஜின்னில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றும்போது சிலசமயம் லேசான மங்கல் படரும். அது கெட்டுப்போனதற்கு அறிகுறி அல்ல. கொத்தமல்லியும் ஜூனிபரும் விட்ட எண்ணெய், சாராயச் செறிவு குறைந்ததும் கரைய முடியாமல் வெளியே தெரிகிறது. எசன்ஸ் கலந்து செய்த மலிவு ஜின்னில் பெரும்பாலும் இந்த மங்கலைப் பார்க்க முடியாது.

இன்னொன்று மிக முக்கியம். விலை உயர்ந்த காலி பாட்டிலைப் பழைய பேப்பர்க்காரரிடம் அப்படியே போடாதீர்கள். போலிச் சரக்கு அடைப்பவர்களுக்கு அசல் பாட்டிலும் மூடியும்தான் பெரிய முதலீடு. லேபிளைக் கிழித்து, மூடியைச் சிதைத்துவிட்டுப் போடுங்கள். உயர் நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் காலி பாட்டிலைத் திரும்பப் பெறத் தொடங்கியது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் அதைத் தருகிறது. யானையின் காலில் கண்ணாடி குத்தக் கூடாது என்று தொடங்கிய அந்தத் திட்டம் போலிச் சரக்குக்கும் ஓரளவு தடை.

லண்டனும் கருணாபுரமும்

ஜின்னைப் பற்றி எழுதுகிறவர் அதன் இருண்ட பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ஜின் ஏழைகளின் விஷமாக இருந்தது. 1736-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சில்லறை விற்பனைக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு உரிமக் கட்டணம் வைத்தது. அந்தக் காலத்தில் அது தலையைச் சுற்றவைக்கும் தொகை. உரிமம் வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு, ஜின் ஆறோ திருட்டுத்தனமாக ஓடியது. 1743-ல் அந்தச் சட்டத்தைக் கைவிட்டார்கள். 1751-ல் வந்த சட்டம் யார் விற்கலாம், எங்கே விற்கலாம் என்பதை ஒழுங்குபடுத்தியது. அதே ஆண்டில்தான் ஓவியர் ஹோகார்த் 'ஜின் சந்து' என்ற அச்சுச் சித்திரத்தை வெளியிட்டார். மடியிலிருந்து குழந்தை நழுவி விழுவதுகூடத் தெரியாமல் போதையில் கிடக்கும் தாய் அதில் இருக்கிறாள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலரைத் தூக்கிக்கொண்டு வந்தது சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்குத்தான். கூலி வேலைக்குப் போகிறவர்கள். டாஸ்மாக் குவாட்டர் கட்டுப்படியாகாமல் பாக்கெட் சாராயம் வாங்கியவர்கள். தெருவுக்குத் தெரு கடை இருந்தும் மலிவான சாராயம் ஓடியது என்றால், அரசுக் கடை இருப்பதால் கள்ளச்சாராயம் ஒழியும் என்ற வாதம் அன்றைக்கே முடிந்துவிட்டது.

ஒரு நல்ல ஜின் பாட்டிலின் விலை நாமக்கல் கோழிப்பண்ணைத் தொழிலாளியின் பல நாள் கூலி. ஜின் பிரியர் இதை மறந்து பேசினால் அவர் பேச்சு ஊரில் எடுபடாது. குடி கெடுத்த குடும்பங்கள் நிறைந்த மண்ணில் நின்றுகொண்டு நான் குடிக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அரசே விற்கிறது. விற்பதென்று முடிவு செய்த பிறகு, நல்லதை, தெளிவானதை, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதை விற்க வேண்டாமா? பாட்டிலுக்குள் இருப்பது வடித்த ஜின்னா, எசன்ஸ் கலந்த சாராயமா என்று லேபிள் நேரடியாகச் சொல்லட்டும்.

கள்ளுக்கு என்ன பதில்?

லண்டனில் 2009-ல் சிப்ஸ்மித் என்ற சிறு நிறுவனம், சின்னக் கொப்பரைக்கு உரிமம் தர மாட்டோம் என்று சொன்ன வரித்துறையோடு மல்லுக்கட்டி உரிமம் வாங்கியது. அந்த ஒரு கதவு திறந்ததும் பிரிட்டன் முழுக்கச் சிறு ஜின் ஆலைகள் முளைத்தன. கோவாவில் முந்திரி ஃபெனி வடிக்கும் குடும்பங்களைச் சட்டம் குற்றவாளியாக்கவில்லை. 2009-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊர்ச் சரக்கை மதிக்கத் தெரிந்த ஊரில்தான் இந்திய ஜின்னும் பிறந்தது. சின்னவர்களுக்கு இடம் கொடுக்கும் சட்டம் இருக்கும் இடத்தில் கைத்திறன் வளர்கிறது.

இங்கே பனை நம் மாநில மரம். அதன் கள்ளை இறக்கினால் வழக்கு. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை நடக்கிறது. 2017-ல் தென்னை நீராவுக்கு அரசு அனுமதி தந்தது, அதுவும் புளிக்காத வரைதான். செ.நல்லசாமி தலைமையில் கள் இயக்கத்தினர் பல ஆண்டுகளாகக் கேட்பது ஒரே கேள்வி: 42 சதவீதம் ஆல்கஹால் உள்ள பாட்டிலை விற்கும் அரசுக்கு, அதில் எட்டில் ஒரு பங்குகூட வீரியமில்லாத கள் எப்படி ஆபத்தாகத் தெரிகிறது? கள்ளில் கலப்படம் நடக்கும் என்கிறார்கள் தடையை ஆதரிப்பவர்கள். நடக்கலாம். அதைக் கண்காணிக்கத்தான் ஒரு துறையே இருக்கிறது.

இப்போது வெளியிலிருந்து ஒரு காற்று வருகிறது. 2025 ஜூலை 24-ல் பிரிட்டனில் கையெழுத்தான இந்திய, பிரிட்டிஷ் வர்த்தக ஒப்பந்தப்படி விஸ்கிக்கும் ஜின்னுக்கும் இருக்கும் 150 சதவீத சுங்கவரி முதலில் 75 சதவீதமாகவும், பத்து ஆண்டுகளில் 40 சதவீதமாகவும் இறங்கும். மது ஜி.எஸ்.டி.க்குள் இல்லை, மாநில வரி தனி. என்றாலும் லண்டன் ஜின் மலிவாகும். ஸ்காட்லாந்துக்காரரின் ஜின்னுக்கு வரி குறையும்போது, திருச்செங்கோட்டு மஞ்சளையும் மோகனூர்ச் சாராயத்தையும் கொல்லிமலை மிளகையும் வைத்து ஒருவர் சிறு ஆலை தொடங்க நினைத்தால் வழியில்லை, ராசிபுரத்துப் பனையில் ஒருவர் கலயம் கட்டினால் போலீஸ் வரும் என்ற நிலை நியாயமாகாது. 1937-ல் கள்ளை மூடி ஜின்னை விட்டுவைத்த அதே கோணல் 90 ஆண்டுகள் கழித்து இன்னும் பெரிதாகும்.

என் தீர்ப்பு இதுதான். அரசு மதுவை முழுதாக மூடப்போகிறது என்றால், ராஜாஜி செய்ததுபோல் வருமானத்துக்கு மாற்று வழியோடு மூடட்டும், ஜின் பிரியர்களும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். மூடப்போவதில்லை என்றால், 1937 சட்டத்தைப் பிரித்து மறுபடி எழுதட்டும். கள்ளுக்கு உரிமம், சிறு வடிப்பாலைக்கு உரிமம், பாட்டிலில் உண்மை, சேகரிப்பவருக்கு ஒரு பதிவுமுறை, எல்லாம் அதில் இருக்கட்டும். கள்ளுக்குப் பதில் சொல்லாமல் ஜின்னுக்கு மட்டும் கதவைத் திறப்பதை நான் எதிர்ப்பேன்.

அதுவரை வீட்டில் பாட்டில் வைத்திருப்பவர்கள் அளவைத் தாண்டாதீர்கள். எலைட் கடை ரசீதையும் விமான நிலைய ரசீதையும் பாட்டிலோடு பத்திரமாக வைத்திருங்கள். கடையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் ரசீது கேளுங்கள்.